உலோகம் குறைவு என்று நான் எழுதியது

போன வாரம் தலைக்குச் சாயம் குழைத்தேன். டப்பாவைத் திறந்ததும் ஒரு நெடி. மூக்கின் மேலெலும்பில் ஊசியாக ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் நீராக இறங்குகிற நெடி. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன். பாதித் தலை கறுப்பு, பாதித் தலை வெள்ளை. அப்படியே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

வினையூக்கிக் கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கூடத்திலிருந்து கேட்டு நாலு மாதமாகிறது. ஐம்பத்தொரு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு தாடிக்கொம்பில் உட்கார்ந்திருப்பவள் நான். நேரம் நிறைய இருந்தது. சொல்வதற்குத்தான் எதுவும் அகப்படவில்லை. தூளை எப்படிச் சலிப்பது, வாயுவை எவ்வளவு விடுவது என்பதெல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. கையேட்டில் இல்லாத ஒன்றை அந்தச் சாய டப்பா எடுத்துக் கொடுத்தது. ஒரே ஒரு வரியால் ஒரு மனிதனைத் திருடனாக்குவது எப்படி என்பது. நான் செய்திருக்கிறேன். சுலபம்.

எங்கள் கூடம் திண்டுக்கல்லுக்கு வெளியே, சோளக்காட்டுக்கும் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கும் நடுவில் இருந்தது. கொட்டகைகளை ஊரில் தோல் ஷாப்பு என்பார்கள். எங்கள் மேற்கு ஜன்னலுக்கும் பக்கத்துத் தோல் ஷாப்பின் மதிலுக்கும் ஒரு வேப்பமரம்தான் இடைவெளி. எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலைகளுக்காக வினையூக்கி தயாரித்து, சிறிய அளவில் ஓட்டிக் காட்டுவது எங்கள் தொழில்.

பெட்ரோலில் ஹெக்சேன் என்று ஒன்று உண்டு. நேராக நீண்ட ஹெக்சேன் இஞ்சினில் தட்டும். கிளைவிட்ட ஹெக்சேன் சத்தமில்லாமல் எரியும். நேராக இருப்பதை வளைத்துக் கிளைவிட வைப்பது, அதுவும் உடைக்காமல், கரியாக்காமல் வளைப்பது. எங்கள் பிழைப்பு முழுக்க இந்த ஒரு வாக்கியம்தான். அதற்குச் சியோலைட் என்கிற வெள்ளைத் தூள். பார்வைக்கு மைதா. உள்ளே ஒரு மூலக்கூறு நுழையும் அகலத்தில் சந்துகள், சந்துச் சுவரெங்கும் அமிலம். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத பொடியாகப் பிளாட்டினம். ஹெக்சேன் வந்ததும் பிளாட்டினம் அதனிடமிருந்து இரண்டு ஹைட்ரஜனைப் பறிக்கும். பறிகொடுத்தது நிலைகொள்ளாமல் சந்துக்குள் ஓடும். அங்கே அமிலம் அதன் முதுகை வளைக்கும். வளைந்து வெளியே வந்ததும் பிளாட்டினம் பறித்த இரண்டையும் திருப்பிக் கொடுத்து வழியனுப்பும். ஆக, இரண்டு பேர் வேலை. யார் எவ்வளவு இருக்கிறார் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

எங்களிடம் பிளாட்டினம் ஏற்றுகிறவர் சிக்கந்தர் பாய். பேகம்பூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பிளாட்டினம் உப்பு இருக்கும் அறையின் சாவி அவரிடம்தான். கரைசல் ஊற்றிய பாத்திரத்தை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் தூளோடு சேர்ப்பார். மேசையைத் துடைத்த காகிதத்தை எரித்து அதன் சாம்பலையும் ஜாடியில் போட்டு வைப்பார். அவருக்கென்று இன்னொரு பழக்கம். உலையிலிருந்து தூள் வெளியே வந்தவுடன், சூடு தணியும் முன்பே, இரண்டு கரண்டி அள்ளிக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மெழுகு வைத்து அடைத்துவிடுவார். அதற்குச் சாட்சிப் பாட்டில் என்று பெயர். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. யாரும் அந்தப் பாட்டில்களைத் திறந்ததுமில்லை.

அந்த முறை ஒரு பெரிய ஆலையிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை உலையிலிருந்து தூள் வந்தது. ஈரம் படாமல் ஆறவைக்கும் பெட்டியின் மூடி கெட்டுப்போயிருந்தது. நான்தான் சொன்னேன், தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி மேற்கு ஜன்னலோரம் வையுங்கள், காற்றில் சீக்கிரம் ஆறிவிடும் என்று. வத்தல் பரப்புகிற மாதிரி பரப்பி வைத்தார்கள். செத்த நேரத்தில் ஆறியது. அள்ளி ரியாக்டரில் போட்டோம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஓட்டுவதற்கு முன் ஹைட்ரஜனில் சூடாக்குவோம் அல்லவா, அந்தச் சூட்டை நான் இந்தத் தடவை வழக்கத்தைவிடக் குறைத்திருந்தேன். சூடு அதிகமானால் பிளாட்டினம் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டுவிடும், குறைத்தால் பொடியாகவே இருக்கும் என்பது என் யோசனை. நல்ல யோசனைதான். இப்போதும் நல்ல யோசனைதான்.

வியாழக்கிழமை முடிவு வந்தது. போன முறை வளைந்த அளவில் பாதிகூட வளையவில்லை.

ஜி.எம். சென்னையிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், அவசரக்காரர். என் மேசை விளிம்பில் பென்சிலால் தட்டிக்கொண்டே கேட்டார்.

“மேடம், ஒரே வார்த்தையில சொல்லுங்க. என்ன குறை?”

“அளந்து பாக்கணும் சார். பிளாட்டினத்தை அளக்கணும்னா வெளியூர் லேபுக்குத்தான் அனுப்பணும். மூணு வாரம் ஆகும்.”

“மூணு வாரம் இல்ல. அவங்க அடுத்த வாரம் வர்றாங்க. உங்க அனுபவத்துல என்ன தோணுது?”

அனுபவம் என்ற சொல்லை ஜாக்கிரதையாகக் கையாளுங்கள். அளக்கத் தெரியாத இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் நாற்காலி அது. நான் உட்கார்ந்தேன். “உலோகம் குறைவு” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘இருக்கலாம்’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. ஏன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். உலோகம் குறைவு என்றால் தவறு பிளாட்டினம் ஏற்றிய அறையில். வேறெது என்றாலும் அது நான் குறைத்த சூட்டில் வந்து நிற்கும். அப்படி நினைத்துச் செய்தேனா? இல்லை. நினைக்காமலே செய்தேன். அதுதான் மோசம்.

பூட்டிய அறை, ஒரே சாவி, உலோகம் குறைவு. மீதியை மற்றவர்கள் தாமாகவே கூட்டிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சிக்கந்தர் பாய் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பினார். வாசலில் பையைக் கேட்டார்கள். நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். ஒவ்வொன்றாக மேசைமேல் எடுத்து வைத்தார்கள். வெள்ளைத் தொப்பி. டிபன் டப்பா. கண்ணாடிக் கூடு. மகள் பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய ஒரு கோந்துப் பாட்டில். அந்தக் கோந்துப் பாட்டிலைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, குச்சி விட்டுக் கலக்கினார்கள். சாப்பாட்டு நேரம். கூடத்திலிருந்த அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். பாய் தொப்பியைத் தட்டி மடித்துப் பைக்குள் வைத்தார். திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அதுவரை வர வேண்டாம் என்றார்கள். விசாரணை முடிந்ததும் போலீஸில் புகார் என்பதும் தீர்மானமாகியிருந்தது. பேகம்பூர் பள்ளிவாசலில் அந்நேரம் தொழுகை முடிந்திருக்கும். அவர் ஊருக்குள் போவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போயிருக்கும். திண்டுக்கல் அவ்வளவு சின்ன ஊர்.

சனிக்கிழமை. ரியாக்டர் ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. வெளியே வரும் வாயுவைப் பிரித்துப் பார்க்கும் கருவியில் கௌசல்யா இருந்தாள். ஒட்டன்சத்திரத்துப் பெண். நாலு வருடமாக அதே ஸ்டூல். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“ஏனுங்க மேடம், உலோகம் கம்மியான தூளு நாளுக்கு நாள் சாகோணுமில்லீங்களா? சாகறது ஏறுமுங்களா?”

“என்ன ஏறுது?”

“வளையறதுதானுங்க. நேத்தைக்கு விட இன்னைக்கு. காத்தால விட இப்ப. துளித்துளியாத்தான். ஆனா ஏறுதுங்க.”

“கருவியில ஏதாவது இருக்கும்.”

“கருவியை மூணு வாட்டி சரி பாத்துட்டேனுங்க.” வரைபடத்தை என் மேசையில் விரித்தாள். விரலை ஒரு வெற்றிடத்தில் வைத்தாள். “ஹெக்சேன் ஒடைஞ்சா இங்கன புரொப்பேன் வரோணும். அங்கன பியூட்டேன் வரோணும். ரெண்டும் பொட்டலுங்க.”

“மொத்தமே கம்மியா வளையுது. துண்டு மட்டும் எப்படி வரும்?”

அவள் வரைபடத்தின் ஓரத்தை நீவிவிட்டாள். சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“எங்கப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்கறவருங்க மேடம். தக்காளி லோடு வருமுங்க. எறக்கி ஏத்த ஆளு பத்தலைன்னு வைங்க, பிரிக்கற எடத்துல கூடை மேல கூடை தேங்கிப்போயிரும். அடியில இருக்கறது நசுங்கிரும். தரையெல்லாம் சாறு, ஈ மொய்க்கும். அதே, தூக்கற ஆளுங்க எல்லாம் வந்து, தரம் பிரிக்கற பொம்பளைங்க வரலைன்னு வைங்க. வந்த கூடை வந்தாப்புலயே திரும்பிப் போகும். வேலை ஆகாது. ஆனா ஒண்ணும் நசுங்காது.” வெற்றிடத்தை மறுபடி விரலால் தட்டினாள். “நசுங்கின தக்காளி எங்கீங்க மேடம்?”

நான் வரைபடத்தைப் பார்த்தேன்.

“தூக்கற ஆளு வரலைன்னு எழுதிட்டீங்க. எல்லாரும் வந்திருக்காங்கன்னு இது சொல்லுதுங்க. நாளான்னைக்குப் பாயைப் போலீசுல எழுதிக் குடுக்கப் போறாங்களாமுங்க.”

இது எனக்குத் தெரியாத பாடமில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கரும்பலகையில் நானே எழுதிக் காட்டிய பாடம். பிளாட்டினம் குறைந்தால், பறிகொடுத்த மூலக்கூறைத் திருப்பி அனுப்ப ஆளில்லாமல் அது அமிலத்தின் நடுவே தேங்கும், உடையும், கரியாகும். வினையூக்கி நாளுக்கு நாள் செத்துக்கொண்டே வரும். அமிலம் குறைந்தால் வேலை மெதுவாக நடக்கும், ஆனால் சுத்தமாக நடக்கும். என் முன்னால் இருந்தது மெதுவான, சுத்தமான ஓட்டம். வியாழக்கிழமையும் அதே வரைபடம்தான் இருந்தது. அதன் மேலேயே காகிதத்தை வைத்துத்தான் நான் “உலோகம் குறைவு” என்று எழுதினேன். ஓர் எண்ணைப் பார்த்தேன். எண்ணோடு வந்திருக்க வேண்டியது ஏன் வரவில்லை என்று பார்க்கவில்லை.

உங்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் பெரிய தத்துவமெல்லாம் இல்லை. இதுதான் இருக்கிறது. குற்றம் யாருடையது என்று தோன்றிவிட்டால், அந்தக் குற்றம் உண்மையென்றால் இன்னும் என்னென்ன நடந்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு அந்தப் பட்டியலைத் தேடிப் போங்கள். ஆளைத் தேடிப் போகாதீர்கள்.

ஜி.எம்முக்குப் போன் செய்தேன். உலோகம் சரியாக இருக்கிறது, அமிலம்தான் குறைந்திருக்கிறது என்றேன்.

“அமிலம் எப்படிக் குறையும் மேடம்? போன முறை அதே மூட்டைத் தூள்தானே?”

“தெரியல சார்.”

“காரணம் இல்லாம ரிப்போர்ட்டை மாத்தினா, ஆளைக் காப்பாத்த மாத்தினதா ஆகும். திங்கட்கிழமைக்குள்ள காரணத்தைக் கொண்டாங்க.”

அவர் சொன்னதும் நியாயம். அமிலம் எழுந்து நடந்து போகாது. ஏதோ அதன்மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட ஓட அது கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து போகிறது, அதனால்தான் ஏறுகிறது. எது என்று தெரியவில்லை. தூளைக் கடைசியாகத் தொட்டதிலிருந்து ஒவ்வொரு படியாகக் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை பேகம்பூருக்குப் போனேன். சந்துக்குள் செருப்புத் தைக்கும் கடைகளைத் தாண்டி, மாடிப்படி ஏறும் வீடு. கதவைத் திறந்தது அவர் மனைவி நூர்ஜஹான். என்னை அடையாளம் தெரிந்தது. கதவை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“வாங்க. பையில கெடைக்கலைன்னு வீட்டைத் தேட வந்தீங்களாக்கும்? நல்லாத் தேடுங்க. அரிசிப் பானையில இருந்து ஆரம்பிங்க. அம்புட்டையும் கொட்டிப் பாத்துருங்க.”

“நூரு, விடு.” உள்ளேயிருந்து பாய் குரல். “உக்காருங்க மேடம்.”

“எப்படி விடுறது? வாசல்ல வச்சுத்தானே கொட்டிப் பாத்தாக? இல்லைன்னு ஆயிட்டா அதையும் வாசல்ல வச்சுச் சொல்வாகளா? இல்ல, கமுக்கமாக் காகிதத்துல எழுதி மடிச்சு வச்சுக்கிருவாகளா?”

உட்கார்ந்தேன்.

“பாய், நீங்க செஞ்சதை ஒவ்வொண்ணா ஒருக்கா சொல்ல முடியுமா?”

“அது ஆகாது மேடம்.” சாந்தமாகச் சொன்னார். “ரெண்டு நாளா எல்லாரும் என்னையத்தான் கேக்குறீக. நான் யாரையும் ஒண்ணும் கேக்கல. இப்ப நான் கேக்குறேன். எங்கையை விட்டுப் போன பெறகு நீங்க என்ன செஞ்சீக? அதைச் சொல்லுங்க.”

சொன்னேன். உலையிலிருந்து எடுத்தது. பெட்டி மூடி கெட்டது. தட்டில் பரப்பியது. ஜன்னலோரம் வைத்தது. ஹைட்ரஜன் சூட்டைக் குறைத்தது. அந்தக் கடைசியைச் சொல்லும்போது குரல் தாழ்ந்ததை அவர் கவனித்தார். ஆனால் அவர் பிடித்தது அதையல்ல.

“எந்த ஜன்னல்?”

“மேக்க.”

“என்ன கெழமை?”

“செவ்வா.”

“எம்புட்டு நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

அவர் சிரித்தார். மூன்று நாளில் முதல் சிரிப்பு என்று நூர்ஜஹானின் முகம் சொன்னது.

“செவ்வாக்கெழமை உங்க மூக்கு எங்கே போச்சு மேடம்?”

“ஏன்?”

“மதிலுக்கு அந்தப்பக்கம் அன்னைக்குத்தான் டிரம்முல நவச்சாரம் போடுவாங்க. எளவட்டத்துல ரெண்டு வருசம் எங்க மாமா தோல் ஷாப்புல டிரம்மு ஓட்டுனவன் நான். தோலைச் சுண்ணாம்புல ஊறப்போட்டு எடுப்பாங்க. ஊறுன சுண்ணாம்பை வெளிய எடுக்கணும்ல? அதுக்கு நவச்சாரம். சுண்ணாம்பும் அதும் சேந்தா ஒரு ஆவி கெளம்பும் பாருங்க, டிரம்முக் கதவைத் தொறந்தா கண்ணு தொறக்காது.”

அம்மோனியா.

அமிலம் ஆசையாக விழுங்கக்கூடிய பண்டம் இந்த உலகத்தில் ஒன்று உண்டென்றால் அதுதான். சூடாறிய சியோலைட்டை, மெல்லிசாக, வாய் திறந்த நிலையில், அம்மோனியா வரும் ஜன்னலில் நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன். வேறெந்த ஊரிலும் யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க முடியாது. வழக்கமான சூட்டில் ஹைட்ரஜன் கொடுத்திருந்தால் பெரும்பகுதி கிளம்பிப் போயிருக்கும். அதையும் நான் குறைத்துவிட்டேன். என் இரண்டு யோசனைகளும் கைகோத்துக்கொண்டு வந்து நின்றன. பதினெட்டு வருடம் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நெடி எனக்கு நெடியாகத் தெரியாமல் போயிருந்தது.

“பழகிப்போச்சு பாய்.”

“எனக்குப் பழகல மேடம். அந்த நாத்தம் வேண்டாம்னுதான் உங்க வேலைக்கே வந்தேன்.” எழுந்தார். “சாட்சிப் பாட்டில் இருக்குல்ல? அது ஜன்னலையே பாக்கல. தட்டுல இருந்து அள்ளுன தூளு மிச்சம் இருக்கா?”

“ஒரு சோதனைக் குழாய்க்குக் காணும்.”

“ஒண்ணு போதும்.”

திங்கட்கிழமை பத்து மணி. விசாரணை அறைக்குப் பதிலாக எல்லோரையும் கூடத்துக்கு வரச் சொன்னேன். முதல்நாள் மாலையே தனியாகச் செய்து பார்த்துவிடலாம் என்று ஒரு கணம் கை துடித்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு குழாய்க்கான தூள். தனியாகச் செய்தால் பிறகு காட்டுவதற்கு ஒன்றுமிருக்காது. தனியாக எழுதியது தவறிப்போயிருந்தது, பொதுவில் தவறினாலும் தவறட்டும் என்று விட்டுவிட்டேன். சிக்கந்தர் பாய் கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஒன்றில் தட்டுத் தூள். இன்னொன்றில் மெழுகு உடைத்த சாட்சிப் பாட்டில் தூள். இரண்டிலும் நைட்ரஜன் மெதுவாக ஓடியது. இரண்டின் வாயிலும் நனைத்த சிவப்பு லிட்மஸ் தாள். காரம் பட்டால் நீலமாகும், பள்ளிக்கூடப் பாடம். கௌசல்யா சூட்டை ஏற்றினாள்.

முதலில் ஈரம் வந்தது. குழாய் வாயில் முத்து முத்தாக நீர். தாள் சிவப்பு. கால் மணி. தாள் சிவப்பு. ஜி.எம். கடிகாரத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் வேகமா ஏத்தலாமே?”

“வேண்டாம் சார். வேகமா ஏத்தினா எது எப்ப வந்துச்சுன்னு தெரியாது.”

“அவங்க வர்ற தேதி—”

“உக்காருங்க சார்.”

நான் அந்தத் தொனியில் அவரிடம் அதற்கு முன்பும் பேசியதில்லை, பின்பும் பேசியதில்லை. அவர் உட்கார்ந்தார். தாள் சிவப்பாகவே இருந்துவிட்டால் ஒரு மனிதர் இங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்குப் போவார். என் கையெழுத்தின்மேல் நடந்து போவார்.

“ஓரத்தைப் பாருங்க மேடம்” என்றாள் கௌசல்யா.

நீலம். தாளின் ஓரத்தில் மை கசிந்தாற்போல். பிறகு பாதி. பிறகு முழுதும். புதுத் தாள் வைத்தோம், அதுவும் நீலம். நான் ஹைட்ரஜன் சூட்டை எந்த அளவில் நிறுத்தினேனோ அந்த அளவை ஊசி தாண்டியது. புதுத் தாள் வைத்தேன். அதற்கு மேலேயும் நீலம்தான். ஆக, நான் நிறுத்திய இடத்தில் அது உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஜி.எம். முட்டாளில்லை. “மேடம், பிளாட்டினம் உப்புலயே அம்மோனியா உண்டு. உலையில முழுசா போகாம அது மிச்சமிருக்கலாமே?”

“அதுக்குத்தான் சார் ரெண்டாவது குழாய். அதே பிளாட்டினம். அதே உலை. ஜன்னல் மட்டும் இல்லை.”

எல்லோரும் இரண்டாவது தாளைப் பார்த்தார்கள். அது கடைசிவரை சிவப்பாகவே இருந்தது.

சாட்சிப் பாட்டில் தூளை ரியாக்டரில் போட்டோம். மறுநாள் காலை போன முறைக்குச் சமமாக வளைத்தது. வெளியூர் லேபிலிருந்து சில வாரம் கழித்துக் காகிதம் வந்தது. பிளாட்டினம், அவர் ஏற்றியதாக எழுதி வைத்திருந்த அளவுதான். அதை யாரும் பெரிதாகப் படிக்கவில்லை. தேவைப்பட்ட நாளில் அது இல்லை. இப்படித்தான் பல உண்மைகள் வந்து சேரும்.

ஜி.எம். என்னைத் தனியே கூப்பிட்டார். “திருத்தின ரிப்போர்ட் ஒண்ணு போட்டு ஃபைல்ல வைங்க. அவரை வேலைக்கு வரச் சொல்லிடலாம். போதும்ல?”

“போதாது சார். வாசல்ல வச்சுச் சொல்லணும்.”

“யார் கேட்டாங்க? அவரா?”

“அவர் கேக்கல.”

மதியச் சாப்பாட்டு மணி. வெள்ளிக்கிழமை நின்ற அதே ஆட்கள் அதே இடத்தில் நின்றார்கள். பையைக் கொட்டிய மேசைக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். நாலே வரி. உலோகம் சரியாக இருந்தது. அமிலத்தை மூடியது அம்மோனியா. தட்டுகளை ஜன்னலில் வைக்கச் சொன்னது நான், சூட்டைக் குறைத்ததும் நான். உலோகம் குறைவு என்று நான் எழுதியது தவறு, அதை அளக்காமல் எழுதினேன். படித்து முடித்ததும் கைதட்டல் எதுவும் இல்லை. யாரோ டிபன் டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஆலைக்காரர்களிடமும் நடந்ததை நடந்தபடி சொன்னோம். வருகையைத் தள்ளிப்போட்டார்கள். அந்த வருடம் எனக்கென்று பேசப்பட்ட பதவி இன்னொருவருக்குப் போனது. சரியான முடிவு. நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

சிக்கந்தர் பாய் அந்த மாதம் முழுக்க வேலைக்கு வந்தார். வழக்கம்போல மூன்று முறை அலசினார், காகிதம் எரித்தார், பாட்டிலுக்கு மெழுகு வைத்தார். பேச்சு மட்டும் குறைந்திருந்தது. மாதக் கடைசியில் வேறிடம் பார்த்துக்கொண்டதாகச் சொன்னார். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடம். இருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு என்ன இருக்கிறது?

கடைசி நாள் மாலை தன் பொறுப்பை என்னிடம் ஒப்படைக்கக் கூப்பிட்டார். பிளாட்டினம் அறையில் நாங்கள் இருவர் மட்டும். வெயில் சாய்ந்து மேசைமேல் கிடந்தது. இருப்புப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். உப்புப் பாட்டிலைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். நான் பேனாவை எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனேன். அவர் பதிவேட்டின்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

“எடை போடுங்க மேடம்.”

“எதுக்கு பாய்? உங்களை நம்பாம யாரை நம்புறது?”

அவர் கோபப்படவில்லை. தராசின் கண்ணாடிக் கதவைத் தள்ளித் திறந்து, பாட்டிலை என் கைக்கு நகர்த்தினார்.

“அன்னைக்கு அளக்காமச் சந்தேகப்பட்டீக. இன்னைக்கு அளக்காம நம்புறீக. எடை போடுங்க. நான் நிக்கிறேன்.”